பிளாக்பெர்ரிப் பூவும் அதன் இருவகை விதைகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் மலையேறும் பலர், அங்கே முட்புதர்களில் மஞ்சளாகவும் கருநீலமாகவும் கொத்துக் கொத்தாகப் பழுத்திருக்கும் சிறு பழங்களைப் பறித்துச் சுவைத்திருப்பார்கள். ரோஜாக் குடும்பத்தில் ரூபஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த செடிகள் அவை. மேலை நாடுகளில் பெரிதும் பயிராகும் பிளாக்பெர்ரியும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. ஆயினும் நம் மலையில் கறுத்துப் பழுக்கும் அந்தப் பழம் ராஸ்பெர்ரி வகையினது. அதைப் பறிக்கும்போது, பூவின் உறுப்புகளைத் தாங்கும் பகுதியான பூத்தளம் காம்பிலேயே நின்றுவிட, பழம் உள்ளீடற்றுக் கழன்று வரும். பிளாக்பெர்ரியில் பூத்தளம் பழத்தோடு சேர்ந்தே வந்துவிடும்.

பிளாக்பெர்ரிப் பூ ஒன்றில் ஐந்து இதழ்களும் ஏராளமான மகரந்தத்தாள்களும் இருக்க, நடுவே மேடிட்ட பூத்தளத்தின் மீது, பெண் உறுப்புகளான சூலகங்கள் பல நெருங்கி அமைந்திருக்கும். ஒவ்வொரு சூலகத்திலும் இரண்டு சூல்கள் உண்டென்றாலும் பெரும்பாலும் ஒன்றே விதையாகிறது. மகரந்தம் பெற்ற சூலகம் சாறு நிறைந்த மணியாகப் பருக்கும். பெறாதது அப்படியே காய்ந்துவிடும். எனவே மழையோ கடுங்குளிரோ தேனீக்களை வரவிடாமல் தடுத்த நாளில் மலர்ந்த பூவிலிருந்து, ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சூம்பியும் கோணலான பழம் உருவாவதைக் காணலாம். ஒரே கொத்தில் விதை எண்ணிக்கை பழத்துக்குப் பழம் மாறுபடுவதற்கு இது முக்கியக் காரணம்.

இதைவிட வியப்பான வேறுபாடு விதைக்குள்ளே இருக்கிறது. மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் இப்பேரினத்தில் ஒரு தொகுதிக்கு 7. இரு தொகுதிகளாக 14 குரோமோசோம்கள் கொண்ட இருமடியச் செடிகள் பொதுவாக வழக்கமான கருவுறுதலால் விதை தருகின்றன. 21, 28 என எண்ணிக்கை மிகுந்த ஐரோப்பியச் செடிகள் பலவற்றிலோ, கருவுறுதல் நிகழாமலே தாயின் மரபை முழுமையாகக் கொண்ட கரு உருவாகிவிடுகிறது. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்க்ட் லிட்ஃபோர்ஸ் என்னும் தாவரவியலாளர் பிளாக்பெர்ரி வகைகளைக் கலப்புச் செய்தபோது, கலப்பினமாக இருக்கவேண்டிய கன்றுகள் பல தாய்ச்செடியை அப்படியே ஒத்திருந்தன.

அப்படியானால் இச்செடிகளுக்கு மகரந்தம் தேவையில்லையா? தேவைதான். கரு தானே உருவானாலும் அதற்கு உணவூட்டும் கருவூண் திசு வளர மகரந்தம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் விதை நிரம்பாது. ஒரே செடியிலேயே சில விதைகள் கலப்பால் பிறந்தவையாகவும், மற்றவை தாயின் நகல்களாகவும் இருக்கலாம். வெளித்தோற்றத்தைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிய முடியாது. எப்போதோ நேர்ந்த கலப்பில் பிறந்த புதிய செடி, பிறகு தன்னைத்தானே நகலெடுத்துப் பரவுவதால்தான், பிரிட்டனில் மட்டுமே சிறு வேறுபாடுகளால் பிரியும் 300க்கும் மேற்பட்ட பிளாக்பெர்ரி நுண்சிற்றினங்களைத் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள்.

இதற்கு நெருக்கமான ஒரு நிகழ்வை நம் வீட்டிலேயே பார்க்கலாம். எலுமிச்சை விதை ஒன்றிலிருந்து இரண்டு, மூன்று முளைகள் எழுவதுண்டு. கருவுற்ற முளைக்கருவோடு, சூலைச் சுற்றியுள்ள தாய்த்திசுவிலிருந்தும் கருக்கள் தோன்றுவதே காரணம். பாடநூல்கள் இதனைப் பல்கருநிலை என்கின்றன. வெள்ளைக்கொழும்பான் மாங்கொட்டையிலும் இதே இயல்பு உண்டு. பிளாக்பெர்ரியில் கரு தோன்றும் வழி சற்று வேறு என்றாலும், தாயை ஒத்த கன்று கிடைப்பது இரண்டிலும் பொது.

சந்தையில் வாங்கும் நன்கு பழுத்த எலுமிச்சையின் விதைகளைக் காயவிடாமல் உடனே ஊன்றிப் பாருங்கள். ஒரே விதையில் எழும் கன்றுகளை வேர் அறுபடாமல் பிரித்துத் தனித்தனிப் பைகளில் வளர்த்து, இலையளவையும் வளர்ச்சி வேகத்தையும் ஒப்பிடலாம். ஒரே சீரான தோட்டம் வேண்டும் விவசாயி, அவற்றுள் மாறுபட்டு நிற்கும் கன்றை நீக்கிவிடுவது சரியே. மாணவர்கள் மட்டும் அதை எறிந்துவிடாமல் காய்க்கும்வரை வளர்த்து, அதன் கனியைத் தாய்மரத்தின் கனியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.