கார்த்திகை எல்இடி விளக்கை முதல்ல திருப்பிப் பாருங்க! (வாழைப்பழம் கொடுக்கவே கொடுக்காதீங்க)

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கோலம் வீடியோன்னு சொல்லியிருந்தேன், அது நாளைக்கு. இருக்கற கோவத்துக்கு, பிள்ளைங்க முழுங்கிடற பட்டன் பேட்டரியைப் பத்திப் பேசிட்டுத்தான் அடுத்த வேலை.

இதோ, கார்த்திகைக்கு வாங்கின எல்இடி அகல் விளக்கு. 12 விளக்கு 180 ரூபாய். 240 சொன்னாங்க, விடாம பேசி 180-க்கு இறக்கினேன். அதுக்கே எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! சரி, விஷயத்துக்கு வர்றேன். எது வாங்கினாலும் நான் அடிப்பக்கம் திருப்பிப் பார்ப்பேன்னு நம்ம சேனல் பார்க்கறவங்களுக்குத் தெரியும். திருப்பினா, மூடிக்கு ஸ்க்ரூவே இல்ல! நகத்தால நெம்பறேன் பாருங்க... டக். உள்ள இருந்த பட்டன் பேட்டரி விழுந்துடுச்சு, காசு மாதிரி வட்டமா. சிஆர் 2032-ங்கற வகை. 20 மில்லிமீட்டர், 3 வோல்ட். வீட்ல குட்டிக்கு ஒன்றரை வயசு, தரையில எது கிடந்தாலும் வாயில போடற வயசு.

சின்னப் பிள்ளைங்க உணவுக்குழாய்ல கச்சிதமா போய்ச் சிக்கற அளவு இது. பேட்டரி கசிஞ்சாதான் ஆபத்துன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. கசியவே வேண்டாம். ஈரம் பட்டதுமே கரண்ட் ஓடும், மைனஸ் பக்கம் ஒட்டியிருக்கற சதையில காரம் (மிளகாய்க் காரம் இல்ல, ஆல்கலிங்கற ரசாயனம்) உருவாகி அரிக்க ஆரம்பிச்சுடும். 2 மணி நேரத்துலயே ஆழமான புண்ணாகிடும். மூச்சுக்குழாய்க்கு ஓட்டை விழலாம். பெரிய ரத்தக்குழாயையும் அரிக்கலாம், பேட்டரியை எடுத்து நாள் கழிச்சும் ரத்தம் கொட்டலாம்.

இப்போ எனக்குச் சுத்தமாப் பிடிக்காத விஷயம். காசு முழுங்கினா வாழைப்பழம் குடு, தானா வெளிய வந்துடும்பாங்க. பேட்டரிக்கு அதைச் செய்யாதீங்க, தயவுசெஞ்சு வேண்டாம்! தொண்டையில விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கறதும் வேண்டாம். பேட்டரின்னு சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் (வாய் வழியா கேமரா குழாய் விட்டு எடுக்கறது) இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. பிள்ளை சிரிச்சு விளையாடிட்டே இருந்தாலும் போகணும், முதல்ல ஒண்ணுமே தெரியாம இருக்கலாம். எச்சில் ஒழுகறது, சாப்பிட மறுக்கறது, இருமல் இதெல்லாம் பிறகு வரலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, தேன். 1 வயசுக்கு மேல, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ள, பிள்ளையால விழுங்க முடியும்னா 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன், 6 தடவை வரைக்கும். வண்டியில போயிட்டே குடுக்கணும். தேனைத் தேடி நேரம் போச்சுன்னா அது வேண்டவே வேண்டாம். 1 வயசுக்குக் கீழ தேனே கூடாது. அது புண்ணாகறதைக் கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்வளவுதான். எடுக்க வேண்டியது டாக்டர்தான்.

அய்யோ, எக்ஸ்ரேன்னதும் ஞாபகம் வருது. படத்துல இந்த பேட்டரி காசு மாதிரியே வட்டமாத் தெரியும். பேட்டரின்னா ஓரத்துல ரெட்டை வளையம் இருக்கும். அதனால வீட்ல எந்தெந்தப் பொருள்ல இந்த பேட்டரி இருக்குன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. அதே மாதிரி இன்னொண்ணு கையில இருந்தா எடுத்துட்டுப் போங்க.

விளக்கு எரியல, தீர்ந்து போன பேட்டரிதானேன்னும் விட்டுடாதீங்க. விளக்கை எரிய வைக்கப் பத்தாத கரண்ட், சதையைப் பொசுக்கப் போதும். கழட்டின உடனே ரெண்டு பக்கமும் டேப் சுத்திப் பிள்ளைக்கு எட்டாத உயரத்துல வைங்க.

ஆஸ்திரேலியாவுல 2022 ஜூன்ல இருந்தே, பிள்ளைங்க திறக்க முடியாத மூடி இல்லாம இந்த மாதிரிப் பொருளை விற்கக் கூடாது. அமெரிக்காவும் அதே வருஷம் சட்டம் போட்டுடுச்சு. ஒரு ஸ்க்ரூதாங்க கேக்கறோம்! அது என்ன பெரிய செலவா?

ரிமோட், சமையலறை எடை மெஷின், பாட்டுப் பாடற வாழ்த்து அட்டை, மின்னற பொம்மை எல்லாத்தையும் இன்னைக்கே திருப்பிப் பாருங்க. இந்த 12 விளக்கும் நாளைக்குக் கடைக்குத் திரும்பப் போகுது. எனக்கு 180 ரூபாய் வேண்டாம், ஸ்க்ரூ வச்ச விளக்கு வேணும். கிடைச்சா எந்தக் கடை, என்ன விலைன்னு கமெண்ட்ல பின் பண்றேன்.