சிவப்புப் பெட்டிக்குள் ஓர் எச்சரிக்கை

வணக்கம் நேயர்களே. நான் அம்பாசமுத்திரத்துக்காரன். கடைகளுக்கும் சின்னச் சின்ன ஆலைகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரத்தில் பைத்தான் என்கிற நிரல்மொழியின் ஆவணங்களில் தெளிவில்லாத வரிகளைத் திருத்தி அனுப்புகிறேன், அதற்குச் சம்பளம் கிடையாது. ஆவணம் என்றதும் நமக்குப் பத்திர ஆபீஸ்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு. ஒரு நிரல்மொழியில் எந்தக் கட்டளை என்ன செய்யும், எப்போது செய்யாது, எங்கே கை வைத்தால் ஆபத்து என்று விளக்குகிற பக்கங்கள். அந்தப் பக்கங்களைப் பற்றியும், இரண்டு கணினிகள் ரகசியமாகப் பேசிக்கொள்ள உதவுகிற ஒரு நிரல் நூலகத்தைப் (பிறர் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு) பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

2021 செப்டம்பர் 30, வியாழக்கிழமை. ராத்திரி எட்டு மணி இருக்கும். ஆற்றுப் பாலம் தாண்டி கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற அண்ணாச்சி ஒருவர் போன் பண்ணினார். "தம்பி, பில் போகவே மாட்டேங்குது, சரக்கு ஏத்தின வண்டி வாசல்ல நிக்குது" என்றார். அவருடைய கணினியில் ஓடியது நான் எழுதிய பைத்தான் நிரல். போய்ப் பார்த்தால், சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, காலாவதியாகிவிட்டது என்று பிழைச் செய்தி. மத்தியானம் வரை ஓடிக்கொண்டிருந்த நிரல், யாரும் எதையும் தொடவில்லை. இணையத்தில் தேடினேன். தேடின இடத்தில் எல்லாம் ஒரே மருந்து, சரிபார்ப்பை நிறுத்திவிடு என்று ஒரு வரி. வண்டி நிற்கிறது, டிரைவர் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறார், அந்த வரியை எழுதினேன். பில் போய்விட்டது, வண்டியும் போய்விட்டது, எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். வாசலில் ஒருவர் வந்து நின்று "கரண்ட் ஆபீஸ்லருந்து வாரேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைக் கேட்கிறோம். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: அட்டையில் இருக்கிற முத்திரை நாம் நம்புகிற அலுவலகம் போட்டதா, அட்டையில் இருக்கிற முகமும் எதிரே நிற்கிற முகமும் ஒன்றா. இணையத்திலும் அப்படித்தான். எதிர்ப்பக்கத்துக் கணினி ஒரு சான்றிதழைக் காட்டுகிறது, அதில் நம்பகமான ஒரு நிறுவனத்தின் கையொப்பம் இருக்கிறதா என்றும், அதிலிருக்கிற பெயரும் நாம் தேடிப் போன முகவரியும் ஒத்துப்போகிறதா என்றும் நம் கணினி பார்க்கிறது. அதற்கு அப்புறம்தான் ரகசியப் பேச்சு. சரிபார்ப்பை நிறுத்தினால் ரகசியம் அப்படியே இருக்கும், ஆனால் யாரோடு ரகசியம் பேசுகிறோம் என்பது தெரியாது. திருடனை உள்ளே விட்டுவிட்டு வாசல் கதவைப் பத்திரமாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைப் பைத்தானே பல வருடம் எனக்காக எழுதி வைத்திருந்தது. 2014 டிசம்பரில் 2.7.9 பதிப்பு வரும் வரைக்கும், பைத்தானோடு கூடவே வருகிற இணைய நூலகங்கள் தாமாகச் சான்றிதழைச் சரிபார்த்ததில்லை. 'எச்டிடிபிஎஸ்' என்று முகவரி இருக்கும், பூட்டு இருக்கும், எதிரே யார் என்ற கேள்வி மட்டும் இருக்காது. ஆவணத்தில் அதைச் சொல்லியிருந்தார்கள். யுஆர்எல்லிப்2 என்ற நூலகத்தின் பக்கத்தில் சிவப்புப் பெட்டி போட்டு, எச்சரிக்கை, இது வழங்கியின், அதாவது எதிர்ப்பக்கத்துக் கணினியின், சான்றிதழை எந்தவிதத்திலும் சரிபார்ப்பதில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. எழுதியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை எப்போது திறப்போம்? நிரல் ஓடாதபோதுதானே. சரிபார்க்காத நிரல் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு பிழைச் செய்தியும் வராது, அதனால் யாரும் அந்தப் பெட்டியைப் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

ஆவணமும் நூலகமும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஒரு பக்கத்தில் திரும்பத் திரும்ப எச்சரிக்கை எழுத வேண்டியிருந்தால் குறை அந்தப் பக்கத்தில் இல்லை, நூலகத்தில் இருக்கிறது. எழுதுகிறவனுக்குத்தான் அது முதலில் தெரியும், அவன் போய் நிரல் எழுதுகிறவர்களிடம் சொல்ல வேண்டும். பைத்தானில் ஆவணங்கள் நிரலோடு ஒரே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன, ஒரு மாற்றம் வந்தால் அதற்கான விளக்கமும் கூடவே வர வேண்டும் என்று அந்த மாற்றத்தைப் பரிசீலிப்பவர்கள் கேட்பார்கள். நல்ல ஏற்பாடு.

2014-இல் செய்த மாற்றத்துக்குத் துணிச்சல் வேண்டும். பெப் 476 என்ற முன்மொழிவு அது. 2.7 அப்போதே பழைய வரிசை, அதில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, பிழை மட்டும் திருத்துவார்கள். ஓடிக்கொண்டிருக்கிற நிரல்கள் நின்றுபோகும் என்று தெரிந்தேதான் அதிலும் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதே வருடம் ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்திருந்தது. நான் முதலில் சொன்ன ரகசியப் பேச்சு நூலகம், அதாவது பைத்தானின் எஸ்எஸ்எல் நூலகம், ஓபன்எஸ்எஸ்எல் என்கிற சி மொழி நூலகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்த அடித்தளத்தில், வருகிற செய்தி தன் நீளம் இவ்வளவு என்று சொல்வதை அளந்து பார்க்காமல் நம்புகிற ஒரு இடம் இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. ஒரு தடவை கேட்டால் 64 கிலோபைட் வரை நினைவகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும்.

பெப் 476-இல் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பெயர். சரிபார்ப்பு வேண்டவே வேண்டாம் என்கிறவருக்கும் ஒரு வழி விட்டார்கள், அந்தக் கட்டளைக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'சரிபார்க்கப்படாத சூழலை உருவாக்கு'. முன்னால் ஓர் அடிக்கோடு, அது வெளியாருக்கானது இல்லை என்பதற்கு அடையாளம். எழுதும்போதே கை என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. பத்துச் சிவப்புப் பெட்டி செய்யாததை அந்தப் பெயர் செய்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். மறுநாள் உட்கார்ந்து படித்தபோதுதான் காரணம் புரிந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழங்குகிற சான்றிதழ்களுக்குப் பின்னால் தாங்கி நின்ற ஒரு பழைய மூலச் சான்றிதழ் அன்றைக்கு நம் நேரப்படி ராத்திரி ஏழரை மணிக்குக் காலாவதியாகியிருக்கிறது. அதற்குப் பதிலாகப் புது மூலச் சான்றிதழ் அண்ணாச்சி கணினியிலேயே இருந்தது. ஆனால் அதிலிருந்த ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 பதிப்பு, பழைய பாதையில் போய் முட்டிக்கொண்டு, பக்கத்தில் நல்ல பாதை இருப்பதைப் பார்க்காமல் நின்றுவிட்டது. செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: காலாவதியான அந்த ஒரு சான்றிதழைக் கணினியின் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. எழுதியும் வைத்திருந்தார்கள், எனக்கு வேண்டிய அந்த ராத்திரியில் என் கையில் கிடைக்கவில்லை. பிழைச் செய்தியைத் தேடுகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் சரியான மருந்து இருக்க வேண்டும், அதில்லாததால்தான் தப்பான மருந்து விற்றுப்போகிறது. நான் ஆவண வேலைக்குள் வந்தது அதற்கு அப்புறம்தான்.

இந்த வேலையில் பெரும்பகுதி புதிதாக எழுதுவது இல்லை, பழையதைக் கவனித்துக்கொள்வது. ராப்-சாக்கெட் என்று ஒரு கட்டளை இருந்தது. அது முகவரியையும் பெயரையும் ஒப்பிடாது. 2018-இல் வந்த 3.7 பதிப்பில், இதைக் கைவிடப்போகிறோம் என்று ஆவணத்தில் எழுதினார்கள். உண்மையிலேயே நீக்கியது 2023 அக்டோபரில், 3.12-இல். நடுவில் ஐந்து வருடம், அதற்குப் பதில் எதை எழுத வேண்டும் என்று பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. பழைய உதாரணங்களை அப்படியே விட்டிருந்தால் பிள்ளைகள் அதைத்தான் பிரதியெடுத்திருப்பார்கள். விளக்கத்தைப் படிக்கிறவர்களைவிட உதாரணத்தை எடுத்து ஒட்டுகிறவர்கள்தான் அதிகம், அதனால் ஓர் உதாரணம் மோசமாக இருந்தால் மேலே எழுதின நல்ல விளக்கம் வீண்.

இதைத் தமிழில் சொல்லும்போது ஒரு சிக்கல். 'டெப்ரிகேட்டட்' என்ற சொல்லுக்கு நிறையப் பேர் 'கைவிடப்பட்டது' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கைவிடப்பட்டது என்றால் போயே போய்விட்டது என்று படிக்கிறவர் நினைப்பார். ஆனால் அந்தக் கட்டளை இன்னும் ஓடும், புதிதாக யாரும் அதை நம்பி ஏறக் கூடாது, ஏறினவர்கள் மெல்ல இறங்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் பொருள். நான் 'கைவிடப்பட இருப்பது' என்று எழுதுகிறேன், பக்கத்திலேயே எந்தப் பதிப்பில் நீங்கும் என்ற எண்ணையும் போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், இருந்தாலும் பாளையங்கோட்டையில் முதல் வருடம் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அது ஏமாற்றாத சொல். பைத்தான் ஆவணங்களை வேறு மொழிகளில் அதிகாரப்பூர்வமாக வெளியிட 2017-இல் பெப் 545 வழி செய்தது, பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம் முதலில் வந்தன. தமிழுக்கு நான் என் மாணவர்களுக்காகத் துண்டு துண்டாக எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது 3.13 பதிப்பு பற்றிய ஒரு பத்தி. 2024 அக்டோபரில் வந்தது. அதில் சான்றிதழ் விதிகளை இன்னும் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள், அதனால் அலுவலகங்களும் கல்லூரிகளும் உள்ளுக்குள் தாங்களே தயாரித்துக்கொண்ட சான்றிதழ்களில் சில, விதிப்படி இருக்க வேண்டிய பகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்படும். அந்த நேரம் ஒருவர் பிழைச் செய்தியைத் தேடிக்கொண்டு வருவார், அவர் வாசலிலும் ஒரு வண்டி நிற்கும். முழுச் சரிபார்ப்பையும் நிறுத்தாமல், அந்தக் கண்டிப்பைக் கொண்டுவருகிற ஒரே ஒரு கொடியை (ஒரு வசதியை இயக்கவோ நிறுத்தவோ வைத்த அமைப்பு) மட்டும் இறக்கி வைக்க முடியும், பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியே மூல ஆவணம் அந்த வழியைக் காட்டுகிறது. அதைத் தமிழில் நாலு வரியில், மேலே முதல் பத்தியிலேயே, கண்ணில் படுகிற மாதிரி வைக்கப் பார்க்கிறேன். மூன்று தடவை எழுதியாகிவிட்டது, இரண்டாவது வரி இன்னும் சரியாக வரவில்லை. நன்றி, வணக்கம்.