22-ஆம் வரிசையில் ஒரு குழந்தை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விமானத்தில் ஒரு முறையாவது போனவர்களுக்கு அந்த அறிவிப்பு நினைவிருக்கும். உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி இறங்கும். முதலில் உங்கள் முகமூடியை மாட்டிக்கொள்ளுங்கள், அதன் பிறகு பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மாட்டிவிடுங்கள் என்பார்கள். விமானப் பணியாளர் அதைச் செய்து காட்டும்போது பலர் கைப்பேசியில் மூழ்கியிருப்பார்கள். எனக்கு மட்டும் அதில் ஒரு சொல் வந்ததும் காது நிமிர்ந்துகொள்ளும். ‘பக்கத்தில் இருக்கும்’ என்ற சொல்தான் அது. குழந்தை பக்கத்தில்தான் இருக்கும் என்று பாதுகாப்பு அறிவிப்பு நம்புகிறது. அதே குழந்தையை 13 வரிசை தள்ளி உட்காரவைத்த கணினிக்கு அந்த அறிவிப்பு காதில் விழுவதில்லை.

விமான நிலையத்தில் பயணிகள் சேவைப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். செக்-இன் கவுன்டரிலும் போர்டிங் வாயிலிலும் நின்ற அந்தக் காலத்தில் என்னை விடாமல் துரத்திய கேள்வி ஒன்றைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மலிவுக் கட்டணத்தில் பயணச்சீட்டு வாங்கிய பெற்றோருக்குப் பக்கத்தில் அவர்களுடைய சிறு குழந்தைக்கு இடம் தருவது விமான நிறுவனத்தின் கடமையா, அல்லது தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டிய வசதியா? கடமை என்பதுதான் என் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். விமானத்தில் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. நான் வாயிலில் நிற்கிறேன். ஒரு தாய், நான்கு வயதுப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் குழந்தை தன் போர்டிங் பாஸைத் தானே வைத்துக்கொண்டிருந்தது. அம்மா கேட்டும் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டி, இதில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டது. நான் குனிந்து பெயரைக் காட்டினேன். காட்டும்போதுதான் எண் என் கண்ணில் பட்டது. குழந்தைக்கு 22-ஆம் வரிசையின் நடு இருக்கை. தாய்க்கு 9-ஆம் வரிசையின் நடு இருக்கை. உள்ளே போனால் மாற்றித் தருவார்கள் என்று யாரோ சொன்னதாகத் தாய் சொன்னார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் எல்லோருமே அப்படிச் சொல்லித்தான் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கதவு மூடும் நேரம் நெருங்கியது. பணியாளர் கூப்பிட, நானும் உள்ளே போனேன். 22-ஆம் வரிசையில் நடைபாதையோரம் இருந்தவர் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. “காலை நீட்ட வேண்டும் என்பதற்காகக் காசு கொடுத்து வாங்கிய இடம் இது. விற்றது உங்கள் நிறுவனம். விற்ற பொருளை எதற்காகத் திரும்பக் கேட்கிறீர்கள்?” என்றார். என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் சுற்றி இருந்தவர்கள் அவரை ஏதோ குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். குற்றம் செய்தது கணினி, அதற்கு அப்படிக் கட்டளையிட்டது நிறுவனம். பழியைச் சுமந்தது முழங்கால் வலிக்காரர்.

கடைசியில் ஜன்னலோரம் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, 9-ஆம் வரிசையின் நடு இருக்கைக்குப் போனார். அவரும் அந்த ஜன்னலுக்குத் தனியாகக் காசு கட்டியவர்தான். அதைத் திருப்பித் தரும்படி நான் எழுதிக் கொடுத்தேன். தானே விரும்பி மாறினார் என்பதால் தர இயலாது என்று பதில் வந்தது. விமானம் 11 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் ‘பயணிகள் ஏறுவதில் தாமதம்’ என்று பதிவாயிற்று. பயணிகள் ஏறுவதில் ஒரு தாமதமும் இல்லை, நேயர்களே. எல்லோரும் சரியான நேரத்துக்கு வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். உட்காரவைத்த விதம்தான் தவறு. ஆனால் அப்படி எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

இப்படி ஏன் பிரிந்துபோகிறார்கள் என்பதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. பேருந்தில் ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வருகிறவர்கள் ஜன்னலோரமாக ஆளுக்கொன்று பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் மூன்று பேராக வரும் குடும்பத்துக்கு இங்கொன்று அங்கொன்றாகத்தான் இடம் மிஞ்சும். விமானத்திலும் அதே கதைதான்: காசு கொடுத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஜன்னலையும் நடைபாதை ஓரத்தையும் எடுத்துக்கொள்ள, தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத மலிவுக் கட்டணக்காரர்களுக்கு நடு இருக்கைகள் மிஞ்சுகின்றன. பக்கத்துக்கு மூன்று இருக்கை உள்ள விமானத்தில் நடு இருக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு நடு இருக்கை இருக்க முடியாது. ஆகவே மூன்று பேரும் மூன்று இடத்தில்.

சதி இல்லை என்றேன். ஆனால் லாபம் இருக்கிறது. 2018 முதல் 2023 வரை அமெரிக்காவின் ஐந்து விமான நிறுவனங்கள் இருக்கைக் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வசூலித்ததாக அந்நாட்டு செனட்டின் துணைக்குழு ஒன்று 2024 நவம்பரில் கணக்குக் காட்டியது. பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பெற்றோர் கொடுத்த பணமும் இதற்குள் இருக்கிறது. எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் கவுன்டரில் நின்றவனுக்கு அந்தப் பயத்தின் முகம் தெரியும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லி வீட்டில் திட்டு வாங்கும் விஷயம் ஒன்று உண்டு: பிறந்த தேதி. குழந்தைக்குச் சீட்டுப் பதிவு செய்யும்போது அதன் வயதையோ பிறந்த தேதியையோ கேட்காமல் விடுவதில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் உட்காரலாம். அதற்காகத்தான் மூன்று இருக்கைகளுக்கு மேலே பெரும்பாலும் நான்கு முகமூடிகள் வைத்திருக்கிறார்கள். எந்த வரிசையில் மடிக்குழந்தை இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும். ஒரே பக்கத்தில் இரண்டு மடிக்குழந்தை சேர்ந்தால் அது சம்மதிக்காது. அவசர வாசல் வரிசையில் குழந்தையை உட்காரவைக்கக் கூடாது என்பதும் அதற்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த கணினிக்கு, இரண்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அதே குழந்தை தனியாகப் பயணம் செய்யும் பெரிய மனிதராகிவிடுகிறது! தெரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை. அந்தத் தேதி அங்கேதான் இருக்கிறது.

இது வசதி அல்ல, பாதுகாப்பு என்று நான் சொல்வதற்கு அந்த முகமூடியே போதும். 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால், மனிதர் நிதானத்தோடு செயல்படக்கூடிய நேரம் ஏறத்தாழ 30 முதல் 60 விநாடி. அந்த நேரத்துக்குள் 13 வரிசை கடந்து யார் போக முடியும்? பக்கத்தில் இருக்கும் அந்நியர் உதவுவார் என்பீர்கள், உதவக்கூடும். ஆனால் அவர் முதலில் தன் முகமூடியைத்தான் தேடுவார், தேடவும் வேண்டும்.

அவசரமாக வெளியேறுவதும் அப்படித்தான். வாசல்களில் பாதி பயன்படாமல் போனாலும் நிறைந்த விமானம் 90 விநாடிக்குள் காலியாக முடியும் என்று நிறுவினால்தான் பெரிய பயணிகள் விமானத்துக்கு அனுமதி கிடைக்கும். எல்லோரும் வாசலை நோக்கிப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் போடப்பட்ட கணக்கு அது. குழந்தை பின்னால் இருந்தால் தாய் எந்தப் பக்கம் போவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் இதையே காரணமாகக் காட்டி, சிறு குழந்தைகள் உடன் வரும் பெரியவரின் வரிசையிலேயே இருப்பது நல்லது, முடியாவிட்டால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்று வழிகாட்டியிருக்கிறது.

சட்டமாகவே எழுதிய நாடுகளும் உண்டு. கனடாவில் 2019 டிசம்பர் 15 முதல், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோரின் பக்கத்து இருக்கை. 5 முதல் 11 வயது வரை அதே வரிசையில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி இல்லாத இடம். 12, 13 வயதுக்கு ஒரு வரிசைக்கு மேல் தள்ளாத இடம். எதற்கும் கூடுதல் கட்டணம் இல்லை. நல்ல விதிதான். ஆனால் முன்கூட்டியே இடம் ஒதுக்க முடியாவிட்டால் வாயிலிலும், பிறகு விமானத்துக்குள்ளும், யாராவது மாறிக்கொள்கிறீர்களா என்று மற்றப் பயணிகளைக் கேட்கலாம் என்று அதிலும் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில்தான் என் முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். இந்தியாவில் 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், பயணம் செய்யும் பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவரோடாவது இடம் ஒதுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 13 வயது வரைக்கும் இதேபோன்ற விதியை 2024 ஆகஸ்டில் முன்மொழிந்தது. இருக்கைக்கு 25 டாலர் என்றால் நால்வர் குடும்பம் போய் வருவதற்கு 200 டாலர் மிச்சமாகும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மலிவுக் கட்டணம் மலிவாக இருப்பதே ஒவ்வொன்றையும் பிரித்து விற்பதால்தான். குடும்பத்துக்கு இலவசமாகக் கொடுத்தால் அந்தச் செலவு தனியாகப் போகிறவரின் கட்டணத்தில் ஏறும் என்கிறார்கள். ஏறட்டும், எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் சேர்ந்து உட்கார ஒரு நடு இருக்கையும் ஓர் ஓர இருக்கையும் வேண்டும். நடு இருக்கையை விரும்பி வாங்குகிறவர் அரிது. ஆக நிறுவனம் இழப்பது ஓர் ஓர இருக்கைக்கான கட்டணம் மட்டும்தான். அதுவும் பின் கோடியில், கழிவறைக்குப் பக்கத்தில், வாங்க ஆளில்லாத இடமாக இருந்தால் போதும். கடைசி இரண்டு மூன்று வரிசைகளைப் பூட்டி வைத்து, குழந்தைகளுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தைச் செக்-இன் முடியும்போது திறந்துவிடலாம். ஜன்னலோரம் வேண்டும், முன் வரிசை வேண்டும், தாத்தாவும் சித்தியும் பக்கத்திலேயே வேண்டும் என்றால் அவர்கள் தாராளமாகக் காசு கொடுக்கட்டும். அது வசதி. நான் கேட்பது ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் ரயன்ஏர் நிறுவனம் 2016-இல் வேறொரு வழி கண்டது. 12 வயதுக்குக் குறைந்த குழந்தையோடு வருகிறவர்களில் ஒரு பெரியவர் கட்டாயம் காசு கொடுத்து இருக்கை வாங்க வேண்டும். குழந்தைகளுக்குப் பக்கத்து இடம் இலவசம். கட்டாயம் என்றால் அது கட்டணத்தின் பகுதிதானே, அதை முதல் விலையிலேயே சேர்த்துச் சொன்னால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் விமானத்துக்குள் ஏறிய பிறகு யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த அளவில் அதற்கு நான் பாதி மதிப்பெண் தருவேன்.

கண்ணாடிக்கு அப்பால் வானொலி நிலையத்தார், இன்னும் ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரலைக் காட்டுகிறார். பெற்றோருக்கென்று விரிவாகக் குறித்துவைத்திருந்தது அப்படியே நிற்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் சீட்டையும் உங்கள் சீட்டையும் ஒரே பதிவில் போடுங்கள். தனித்தனி பதிவாக இருந்தால் நீங்கள் ஒரே குடும்பம் என்று கணினிக்குத் தெரியாது, இந்திய உத்தரவும் உதவாது. செக்-இன் திறந்தவுடனே செய்துவிடுங்கள். பிரிந்திருப்பது தெரிந்தால் கவுன்டரிலேயே கேளுங்கள். உள்ளே போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னைப் போன்ற ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். கடைசி நேரத்தில் நிறுவனம் விமானத்தை மாற்றி வேறொன்றை விட்டால் இருக்கை எண்களும் கலைந்துபோகும். ஆகவே குழந்தையின் கையில் இருக்கும் போர்டிங் பாஸையும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வணக்கம்.