சுவருக்குள் ஒரு சார்ஜர்

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வயர்மேன் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். தாமான் குடியிருப்பில் புது வீட்டுக்கு வயரிங் பேசப் போனாலும் சரி, தோட்டத்து லயத்தில் ஒரு காற்றாடி மாட்டப் போனாலும் சரி, இப்போதெல்லாம் கேள்வி ஒன்றுதான். “அண்ணே, யூஎஸ்பி ஓட்டை வச்ச பிளக் பாயிண்ட் வருதே, அதையே வீடு முழுக்கப் போட்டுடலாமா?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று போடுங்கள். ஆசைப்பட்டால் இரண்டு. வீடு முழுக்க வேண்டாம்.

அந்தத் தட்டுக்குப் பின்னால் இருப்பது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. 230 வோல்ட் கரண்டை 5 வோல்ட்டாக இறக்கித் தருகிற ஒரு சின்ன சர்க்கியூட். நீங்கள் தினமும் சொருகிக் கழற்றுகிறீர்களே, அதே போன் சார்ஜர்தான். ஆனால் இது சுவருக்குள் குடியேறிவிட்டது, நினைத்த நேரத்தில் நீங்களாகக் கழற்ற முடியாது. இந்தக் ‘கழற்ற முடியாது’ என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இதற்குத்தான் வருவேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நம் மூணு கால் பிளக் பாயிண்டில் கீழ் இரண்டு துளைகளுக்கும் உள்ளே ஒரு மூடி இருக்கிறது. மேல் கால் கொஞ்சம் நீளம். அது முதலில் உள்ளே போய்த்தான் அந்த மூடியைத் திறக்கும். குழந்தை எதையும் உள்ளே விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நாம் என்ன செய்கிறோம்? ஆன்லைனில் வாங்கிய போனோடு ரெண்டு கால் சார்ஜர் வரும். பேனாவை எடுத்து மேல் துளையில் குத்தி, மூடியைத் திறந்து, சார்ஜரை உள்ளே தள்ளுகிறோம். தாத்தா செய்வதைப் பேரன் பார்த்துக்கொண்டிருப்பான். நாளைக்கு அவன் கையில் பேனா இருக்குமா, ஆணி இருக்குமா? அப்படிச் சொருகிய வீடுகளில் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருக்கும். பிடிமானம் இல்லாமல் பொறி பறந்து பறந்து வந்த நிறம் அது. இந்தப் பேனா வித்தை நடக்கிற வீட்டுக்கு யூஎஸ்பி பாயிண்ட் நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, கழற்ற முடியாத விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் இடி மின்னல் மிக அதிகமான நாடுகளில் நம் நாடும் ஒன்று. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் தோட்டத்துப் பாட்டிமார் போடும் சத்தம் உங்களுக்குத் தெரியும்: “டேய், பிளக்கைப் புடுங்குடா!” படிக்காத பாட்டி சொன்னாலும் அது சரியான மின்சார அறிவு. செம்பனைக்கு நடுவே கம்பத்தில் வருகிற லைனில் மின்னலின் அதிர்ச்சி ஏறினால், அது வயர் வழியாகவே வீட்டுக்குள் வந்துவிடும். புடுங்கி வைத்த சாமான் தப்பிக்கும்.

எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி, வீட்டிலேயே தையல் தைக்கிறவள். வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஹால், படுக்கையறை, சமையற்கட்டு எல்லாவற்றிலும் யூஎஸ்பி பாயிண்ட் போட வைத்தார். சாமி மேடைக்குப் பக்கத்திலும் ஒன்று. “சாமிக்கு எதுக்கு யூஎஸ்பி?” என்றேன். “எல்இடி மாலை அதுலதாண்ணே எரியும்” என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? ஒரு நாள் நல்ல மழை. தங்கச்சி பாட்டி வளர்த்த பெண், ஓடி ஓடி டிவி, பிரிட்ஜ், தையல் மெஷின் எல்லாவற்றையும் புடுங்கிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் எங்கேயோ இடி விழுந்தது. புடுங்கியது எல்லாம் பிழைத்தது. சுவருக்குள் இருந்ததை எப்படிப் புடுங்குவாள்? யூஎஸ்பி ஓட்டைகள் அத்தனையும் செத்துப்போயின. மூணு கால் பக்கம் மட்டும் வேலை செய்கிறது. மாற்றலாம் என்றால் அந்த டிசைன் கடையில் இல்லை. இருக்கிறதும் சாதாரண பாயிண்டைப்போலப் பல மடங்கு விலை. இன்றைக்கும் அந்த வீட்டில் செத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே பழைய சார்ஜரைச் சொருகித்தான் போன் ஏற்றுகிறார்கள். ஓட்டைக்குள் எறும்பு போகுது, வருது.

“சுவிட்சை அணைச்சா போதாதா?” என்பீர்கள். பல மாடல்களில் சுவிட்ச் மூணு கால் பக்கத்தை மட்டும்தான் அணைக்கும். யூஎஸ்பிக்குக் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். இதனால் பில் எகிறுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். நல்ல தயாரிப்பு சும்மா இருக்கும்போது 0.1 வாட் அளவுதான் இழுக்கும்; வருஷம் முழுக்கக் கணக்குப் போட்டாலும் 1 யூனிட் வராது.

இன்னொன்று, போன் மாறும் வேகம். அகலமான பழைய ஓட்டை இருக்கிறதே, டைப் ஏ, அதுதான் இன்னும் பல பாயிண்டுகளில் இருக்கிறது. சின்ன முட்டை வடிவ டைப் சி 2014-லேயே வந்துவிட்டது. 2023-ல் ஐபோன் 15-உம் அதற்கு மாறியது. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன்களுக்கு அது கட்டாயம். சுவரை உடைத்து வைக்கிற சாமானை இந்த வேகத்துக்கு மாற்றிக்கொண்டா இருக்க முடியும்? அதோடு, தட்டில் ‘2.1 ஆம்பியர்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது இரண்டு ஓட்டைக்கும் சேர்த்து. ஒரே இலையில் இரண்டு பேர் சாப்பிடுகிற மாதிரி. 5 வோல்ட்டில் மொத்தமே 10 வாட் சொச்சம். வேகமாக ஏறுகிற போனுக்கு அதோடு வந்த சார்ஜர்தான் சரிப்படும்.

அதனால் நான் சொல்வது, காசு இருந்தால் சாதாரண இரட்டை பாயிண்டுகளை அதிகமாகப் போடுங்கள். கட்டில் தலைமாட்டில் இரண்டு பக்கமும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் சொருகுவதுதான் நம் வீடுகளின் உண்மையான ஆபத்து. வயதானவர்கள் படுக்கிற அறையில் ஒரே ஒரு யூஎஸ்பி பாயிண்ட், டைப் சி உள்ளதாக, போதும்.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மாட்டும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாதுபோல. சுருக்கமாக: சுவர்ப் பெட்டி 35 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கட்டும், பழைய வீட்டுப் பெட்டி பலவற்றில் இது உட்காராது. சிரிம் என்ற தரச் சான்று லேபிள் இல்லாததை வாங்காதீர்கள். சுருஹன்ஜாயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் உள்ள வயர்மேனையே கூப்பிடுங்கள். அவர் மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து வயரைச் சோதிக்கும் முன் இந்தப் பாயிண்டைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சோதனையே அதைக் கொன்றுவிடும். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற ஆர்சிசிபி சுவிட்சில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கிறதே... அது பெரிய கதை, மறுபடி கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.