பாங்கொக்கில் பனங்காய் வாசம்

(யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

பெரியவர்களுக்கும், முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காகப் பாங்கொக் போயிருந்தேன். பயிற்சி ஐந்து நாள். அதைப் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கிடைத்த நாலு நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். பயிற்சியில் என் மேசையில் இருந்த மூவர் அந்த நாலு நாளும் என்னோடு திரிந்தார்கள்: அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியை ஒருத்தி, நேபாளத்து அக்கா ஒருவர், மலேசியாவில் ஈப்போ பக்கத்துத் தமிழ்த் தம்பி ஒருவர்.

முதல் நாள் எல்லாரும் பார்ப்பதையே பார்த்தோம். வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர், ஆற்றுக்கு அக்கரையில் வாட் அருண். அழகுதான், ஆனால் மனதில் ஒட்டவில்லை. அன்று இரவு அந்தத் தாய்லாந்துப் பிள்ளை, "நாளைக்கு அம்மாவுக்குச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போகிறேன், வாருங்கோவன்" என்று கூப்பிட்டாள். அந்த ஊர் எனக்குப் பிடிபட்டது அந்தப் பயணத்தில்தான்.

போனது சேன் சேப் வாய்க்கால் படகில். போருக்குப் படைகளை ஏற்றிப்போக 1837இல் வெட்டத் தொடங்கிய வாய்க்கால் அது. இன்றைக்கு வேலைக்குப் போகிற சனம்தான் அதில் நிரம்பி வழிகிறது. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகில் ஏறிப் பழகியவர்களுக்கு நெரிசல் புதிதல்ல. ஆனால் இந்தப் படகு துறையில் நிற்கிறதே இல்லை என்று சொல்லலாம். உரசிக்கொண்டு போகும்போதே பாய்ந்து ஏறவேணும். டிக்கெட் தருபவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வருகிறார். தாழ்ந்த பாலம் வந்தால் கூரையே கீழே இறங்குகிறது. வாய்க்கால் தண்ணீர் கறுப்பு. அது மேலே தெறிக்காமல் இருக்க, ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாய்த் திரையை உயர்த்தவேணும். என் பக்கத்துக் கயிற்றை நான் கவனிக்கவில்லை. பின்னால் இருந்த ஒரு பாட்டி எட்டி என் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்தார். அதன் பிறகு இறங்கும் துறை வரைக்கும் அந்தக் கயிறு என் பொறுப்பு.

சந்தைக்குள் நுழைந்ததும் கொய்யாவும் மாங்காயும் வெட்டி, உப்பும் சீனியும் மிளகாய்த்தூளும் சேர்த்த சின்னப் பொட்டலத்தோடு தந்தார்கள். அதைத் தின்றபடியே நடக்கும்போது ஒரு வாசம் வந்தது. சட்டென்று நின்றுவிட்டேன். பனங்காய்! வாழையிலைக் கிண்ணங்களில் மஞ்சள் நிறமாய்ப் பொங்கியிருந்த பணியாரம், மேலே தேங்காய்ப்பூ. "கனோம் தான்" என்கிறார்கள். "தான்" என்றால் பனை. பனங்களியோடு அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துப் புளிக்கவைத்து ஆவியில் அவிக்கிறார்கள். நாங்கள் எண்ணெயில் பொரிக்கிறோம், பெரிய வித்தியாசம் அதுதான். என் அம்மம்மா பனங்காயைச் சுட்டுப் பிசைந்து களி எடுத்த முற்றம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் அழுததைப் பார்த்து அந்தப் பெண் பயந்துபோனாள். நேபாளத்து அக்கா ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் நாலு வாங்கினார்.

அப்புறம் சீலோம் ரோட்டு மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். செவ்வந்தி மாலையும் கையுமாக நின்றவர்களில் பெரும்பாலானோர் தாய்லாந்துக்காரரே.

கடைசி நாளில்தான் பெரிய ஊஞ்சலைப் பார்த்தோம். நடுவீதியில் சிவப்பு நிறத்தில் இரண்டு பெரிய தேக்குத் தூண்கள். முதலாம் ராமா மன்னர் 1784இல் அமைத்தது. 2007இல் தூண்களைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். சிவபெருமான் பூமிக்கு வருகிறார் என்று அந்தக் காலத்தில் அதில் ஊஞ்சலாடி, தொங்கவிட்ட காசுப் பையை வாயால் கவ்வுவார்களாம். 1935க்குப் பிறகு ஊஞ்சல் ஆடவில்லை. பக்கத்துத் தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் செய்யும் பூசை மட்டும் இன்றும் நடக்கிறது. அந்தச் சடங்கின் பெயரைத் தாய்லாந்துப் பிள்ளை சொன்னபோது எங்கள் தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். "திரியம்பாவாய், திரிபாவாய்." எங்கள் திருவெம்பாவையும் திருப்பாவையும்! நடக்கிற காலமும் கிட்டத்தட்ட மார்கழிதான்.

தம்பி அந்த இடத்திலேயே "ஆதியும் அந்தமும் இல்லா" என்று மெதுவாகப் பாடினான். அவள் பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர் அது. அது ஒரு பாட்டு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. விடியற்காலையில் எங்கள் பெடியள் சங்கு ஊதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவதைச் சொன்னேன். "நான் வந்து கேட்கலாமா?" என்றாள்.

வருகிற மார்கழியில் வருகிறாள். என் வீட்டில்தான் தங்குவாள். கோயில், கோட்டை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு என்னோடு சாமான் வாங்க வரட்டும். ஒரு சைக்கிள் தேவை, பெண்கள் ஓட்டுகிற உயரத்தில். பனங்காய்க் காலம் அப்போது முடிந்திருக்கும். அதனால் பனங்களியைக் காயவைத்துச் செய்த நல்ல பனாட்டு வீட்டில் வைத்திருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் ஒருக்கால் சொல்லுங்கோ.