பை நிறைய மட்டை இருந்தாலும் அடிப்பது கைதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடற்கரைக் காற்றை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் புதுச்சேரிப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கோல்ஃப் ஆட்டத்தில் முன்னேறப் பெரிதும் துணை நிற்பது கருவியா, பயிற்சியா என்பது தலைப்பு. பயிற்சிதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். ரப்பர் பந்து வந்ததும் ஆட்டமே மாறியது என்றார். ஜீன் சாரசென் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் மணல் பள்ளத்திலிருந்து பந்தை எடுக்கத் தனியாக ஒரு மட்டை செய்துகொண்டு 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பன் என்ற பெரிய போட்டியை வென்றதைச் சொன்னார். கடைசியாக, பந்து ரொம்ப தூரம் போகிறது என்று விதி வகுக்கும் அமைப்புகளே 2023 டிசம்பரில் பந்துக்கான சோதனையைக் கடுமையாக்க முடிவெடுத்ததைக் காட்டி, கருவியால் பலன் இல்லையென்றால் அதற்கு ஏன் கடிவாளம் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார்.

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கடிவாளம் இருக்கிறது, உண்மை. முதல் அடியில் பந்தை வெகுதூரம் விரட்டும் டிரைவர் மட்டையின் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதன் முகம் பந்தைத் தெறிக்கவிடும் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக்கூடாது. அமெரிக்காவில் 1938-இல் வந்த விதி அது. இப்போது நான் கேட்கிறேன். கருவிக்கு இத்தனை பக்கமும் சுவர் எழுப்பியாகிவிட்டது. பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. அப்படியிருக்க, போன வருடத்து மட்டையைக் கொடுத்துவிட்டு இந்த வருடத்து மட்டையை வாங்குகிறவருக்குப் புதிதாக எவ்வளவு கிடைத்துவிடும்? எவ்வளவு பயிற்சி செய்யலாம் என்பதற்கு மட்டும் கோல்ஃப் விதிப்புத்தகம் இதுவரை வரம்பு போடவில்லை. ஒருவர் முன்னேற இடம் அங்கேதான் இருக்கிறது, நடுவர் அவர்களே.

அடுத்து ரப்பர் பந்து. கோபர்ன் ஹாஸ்கல் என்ற அமெரிக்கர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்தார். 1902-இல் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தை வைத்து ஆடி பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றவர்களில் ஹாரி வார்டன் ஒருவர். சகோதரி இங்கே கதையை நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் சொல்லவேண்டும். அடுத்த வருடமே எல்லோர் கையிலும் ரப்பர் பந்து வந்துவிட்டது. 1903-இல் வென்றவர் யார்? அதே வார்டன். பிறகு 1911-இலும் 1914-இலும் அவரே. குட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினால் செய்த பழைய பந்துக் காலத்தில் 1896, 1898, 1899 என்று மூன்று முறை வென்றிருந்தவரும் அவர்தான். பந்து மாறியது, பட்டியலில் பெயர் மாறவில்லை. ஹெர்ட் அதற்கப்புறம் ஒருமுறைகூட அந்தக் கோப்பையைத் தொடவில்லை. கருவி தந்த லாபம் ஒரு வருடத்தில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. கையில் ஏறிய பழக்கத்தை அப்படிக் கடையில் போய் வாங்கிவிட முடியவில்லை.

சாரசென் தன் மட்டையின் அடிப்புறத்தில் ஈயத்தைப் பற்றவைத்துக் கனமாக்கினார், மறுக்கவில்லை. ஆனால் செய்து முடித்த கையோடு அவர் போட்டிக்குப் போய்விடவில்லை. அதை எடுத்துக்கொண்டு மணி மணியாக மணலில் நின்று அடித்துப் பழகினார். இன்று அந்த வகை மட்டை விளையாட்டுச் சாமான் கடை எல்லாவற்றிலும் தொங்குகிறது. அதை வாங்கிய எத்தனை பேர் மணலில் விழுந்த பந்தை ஒரே அடியில் வெளியே எடுக்கிறார்கள்?

சரி, ஆட்டத்துக்குள் வருவோம். இங்கே உள்ள பலர் கோல்ஃபைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்திருப்பீர்கள். கேமரா எப்போதும் அந்த முதல் பெரிய அடியைத்தான் காட்டும். கடையில் விலை அதிகமான மட்டைகளில் ஒன்று அந்த அடிக்கான டிரைவர். ஆனால் 18 குழிக்கும் சேர்த்து 72 அடி என்று ஒரு திடலுக்குக் கணக்கு வைக்கும்போது, ஒவ்வொரு குழிக்கும் பச்சைப்புல் தரையில் உருட்டுவதற்கு இரண்டிரண்டு அடி ஒதுக்குகிறார்கள். ஆக 36. ஆட்டத்தில் சரிபாதி! அந்தப் பாதியில் பலமும் வேண்டாம், தூரமும் வேண்டாம்.

அந்த உருட்டலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், நம் உள்ளங்கை அளவு. எட்டடி தூரத்தில் பந்து இருக்கிறது. மட்டையின் முகம் இரண்டு டிகிரி திரும்பினால் போதும், பந்து குழியின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். இரண்டு டிகிரி என்றால் கடிகாரத்தில் நிமிட முள் இருபது விநாடியில் நகர்கிற அளவு. உலகத்தின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். அந்த இரண்டு டிகிரியைக் காப்பாற்றுவது எது? தோளும் மணிக்கட்டும். அவற்றைப் பழக்க ஆகும் செலவும் பெரிதில்லை. தரையில் இரண்டு குச்சியை, மட்டையின் தலை நுழைந்து போகிற அளவு மட்டும் இடைவெளி விட்டு ஊன்றுங்கள். எந்தக் குச்சியிலும் இடிக்காமல் மட்டையை ஆட்டிப் பழகுங்கள். தினமும் கால் மணி நேரம். நேராக வந்துவிட்டது என்று தோன்றினால் தூரத்தை மாற்றுங்கள், சரிவை மாற்றுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே மட்டையால் நூறு பந்தை மடமடவென்று அடித்துவிட்டு வருவதை நான் பயிற்சி என்று சொல்லவில்லை. ஆட்டத்தில் எந்த அடியும் அப்படி வருவதில்லையே. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு இலக்கு, அடித்தபின் எங்கே விழுந்தது என்று ஒரு பார்வை, பிறகு வேறு மட்டை, வேறு இலக்கு. அதைத்தான் சொல்கிறேன்.

டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்த பெங்களூருப் பெண் அதிதி அசோக் நான்காவதாக வந்தார். வெண்கலப் பதக்கம் ஒரே ஒரு அடியில் கைநழுவியது. முதல் அடியில் மற்றவர்களைவிடப் பல கெஜம் பின்தங்கித்தான் இருந்தார். பளபளக்கும் புதுமட்டை எதுவும் அந்தத் தூரத்தை அவருக்கு ஈடுகட்டவில்லை. ஈடுகட்டியது குழிப்பக்கத்தில் அவர் காட்டிய கைத்திறன். அதிகாலையில் எழுந்து அந்த நான்கு நாளும் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பெண் பந்தை உருட்டியபோது நம் எல்லோருக்கும் மூச்சு நின்றது.

இந்தத் தலைப்பில் நான் ஏன் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு மீன்பிடிக் கிராமம். ஸ்பெயின் நாட்டின் வடகரையில் பெத்ரேனியா என்று ஓர் ஊர். அங்கே செவெரியானோ பாலெஸ்தெரோஸ் என்ற சிறுவன். ஊரில் கோல்ஃப் கிளப் இருந்தது, ஆனால் உள்ளே ஆட அவனுக்கு உரிமை கிடையாது. அடுத்தவர் பையைத் தூக்கலாம், அவ்வளவுதான். கையில் இருந்தது மூன்றாம் நம்பர் இரும்பு மட்டை ஒன்று. அதை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான். மூன்றாம் நம்பர் மட்டை பந்தைத் தாழ்வாகவும் நீளமாகவும் விரட்டுவதற்கானது. உயரமாகத் தூக்கிப் போடவேண்டும் என்றால் வேறு மட்டை வேண்டும். அவனிடம் வேறு இல்லை. அதனால் மட்டையின் முகத்தைத் திறந்து பிடித்தான், கைப்பிடியைக் கீழே இறக்கினான், கால்களை நகர்த்தினான். ஈர மணலில் ஒரு மாதிரி, காய்ந்த மணலில் வேறு மாதிரி. ஒரே மட்டையிலிருந்து ஒரு பை மட்டைகளின் வேலையை வாங்கினான். 1979-இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றான். மொத்தம் ஐந்து பெரும் பட்டங்கள். நம் வீராம்பட்டினத்திலும் மணல் இருக்கிறது, கடலூர் தேவனாம்பட்டினத்திலும் மணல் இருக்கிறது. கருவிதான் பெரிது என்று இந்த மேடையில் தீர்ப்பானால், அந்த மணலில் ஓடும் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்லப்போகிறோம்?

ஸ்பெயின் தூரம் என்றால் கொல்கத்தாவுக்கு வாருங்கள். எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன். பெரிய பயிற்சியாளர் இல்லை. திடலே பள்ளிக்கூடம். 2008-இல் டெல்லியில் ஐரோப்பியச் சுற்றுப் போட்டியை வென்றார். 2016, 2017 இரண்டு வருடமும் இந்தியன் ஓப்பன் அவருக்கே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்குக் கூடமே கிடைக்கவில்லை, ஆனாலும் ஆடிக் காட்டினார்கள்.

இதற்குச் சாட்சி நம் ஊரிலேயே உண்டு. சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டை எறிந்து நிறுத்தும் பெத்தாங்க் ஆட்டத்தை மாலையில் ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் குண்டின் எடை 650 முதல் 800 கிராமுக்குள் இருக்கவேண்டும், எல்லோருக்கும் ஒரே விதி. வருடக்கணக்கில் ஆடித் தேய்ந்த குண்டை வைத்திருக்கும் பெரியவர், சின்ன மரக்குண்டை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துவார். பளபளக்கும் புதுக் குண்டோடு வந்த இளைஞர் நின்று பார்ப்பார்.

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிற தம்பி, அளவு பொருந்தாத மட்டை ஆட்டத்தைக் கெடுக்கும் என்று சொல்வார். கெடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். பத்து வயதுப் பிள்ளை கையில் அப்பாவின் கனத்த மட்டையைக் கொடுத்தால் தோள் வளைந்துதான் பழகும். இடக்கைக்காரருக்கு இடக்கை மட்டை வேண்டும். ஆனால் அதற்குப் பொருத்தமான மட்டை போதும், விலை உயர்ந்த மட்டை வேண்டியதில்லை. யாரோ ஆடி முடித்த பழைய ஏழாம் நம்பர் மட்டையைப் பிள்ளையின் உயரத்துக்கு வெட்டி, புதுப் பிடி போட்டுக் கொடுக்கலாம். உருட்ட ஒரு பட்டர் மட்டை. மிச்சப் பணத்தைப் பந்துக்கும், வாரம் ஒருமுறை குறை சொல்லித் திருத்தும் ஓர் ஆசிரியருக்கும் வையுங்கள். ஒரு வருடம் கழித்து, 14 மட்டையும் புதிதாக வாங்கிப் பயிற்சி இல்லாமல் வைத்திருக்கும் பிள்ளையோடு ஆடவிடுங்கள். அந்த ஆட்டத்தின் முடிவையே தங்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளச் சம்மதம், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.