மறதியா, கண்புரையா?

நேயர்களுக்கு வணக்கம்.

எண்பதை நெருங்கும் ஒரு மூதாட்டி. "அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது, டாக்டர்" என்று மகன் அழைத்துவந்தார். வீட்டுக்கு வந்தவரை யாரென்று கேட்கிறாராம்; காலை மாத்திரையை இரண்டு தடவை விழுங்கிவிடுகிறாராம்; அரிசியில் கல் பொறுக்குவதில் கெட்டிக்காரர், இப்போது முறத்தையே தொடுவதில்லையாம். தாளில் கடிகாரம் வரையச் சொல்லும் நினைவுச் சோதனையில் எண்கள் தாறுமாறாக இருந்தன. விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. அந்தத் தாளே அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

பார்வைக் குறைவு இப்படி மறதி வேஷம் போடுவதோடு நின்றுவிடுகிறதா என்றால், அதுதான் இல்லை.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், கண்புரையோ கண் அழுத்த நோயோ இருந்த 3,038 முதியவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 2021 இறுதியில் முடிவை வெளியிட்டார்கள். புரையை அகற்றிக்கொண்டவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அந்த அறுவை மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கும். போனதை மீட்டுத் தராது. என்னை யோசிக்கவைத்தது இந்த ஒப்பீடுதான். இரண்டு கூட்டத்தாரும் அறுவைக்கு வந்தவர்களே என்பதால், திடமானவர்கள்தானே அறுவைக்கு வருவார்கள் என்று எளிதில் தட்டிக்கழிக்க முடியவில்லை. நிரூபணமாகிவிட்டது என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல், மறதிநோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களில் சரிசெய்யப்படாத பார்வைக் குறைவையும் சேர்த்தது.

கண் மங்கினால் மனிதர் திண்ணையோடு முடங்குகிறார். பேப்பர் இல்லை, கோயில் இல்லை, பேச்சுத் துணை இல்லை. மூளைக்கு வேலை குறைகிறது. இன்னொன்று: புரையால் பழுப்பேறிய கண்ணின் லென்ஸ் நீல ஒளியைத் தடுக்கிறது. உடலுக்குப் பகல் எது, இரவு எது என்று சொல்வதில் அந்த ஒளிக்குப் பெரிய பங்கு உண்டு, தூக்கமும் குழம்பலாம்.

"புரை நன்றாகப் பழுக்கட்டும்" என்று காத்திருப்பவர்கள் இன்னமும் வருகிறார்கள். அது பழைய அறுவை முறைக்காலத்துப் பேச்சு. பழுக்கவைக்க அதென்ன மாங்காயா?

அந்த அம்மாவுக்குக் கட்டுப் பிரித்த அன்று மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தச் சேலை நீலமா? இத்தனை நாளும் பச்சை என்றல்லவா நினைத்திருந்தேன்!"

சாவியை வைத்த இடம் இன்னும் அவருக்கு மறக்கத்தான் செய்கிறது. மாத்திரைக் கணக்கு மட்டும் தப்புவதில்லை. முறமும் மடிக்குத் திரும்பிவிட்டதாம்.